வெட்டாமல் விட்ட சவ்வு

எங்கள் ஆய்வகத்தில் அந்தக் கத்திரிக்கோலைத் தொட ஒருவருக்குத்தான் உரிமை. கைப்பிடியில் வெள்ளை பிளாஸ்திரி சுற்றி, அதன்மேல் அழியாத மையில் ‘தொட்டா கை இருக்காது’ என்று எழுதியிருக்கும். எழுதியவர் ஐந்தடிக்கும் குறைவான உயரம். மூக்குக் கண்ணாடி எப்போதும் ஒரு பக்கம் இறங்கியிருக்கும். சம்பளப் பட்டியலில் அவர் தொழில்நுட்ப உதவியாளர். எங்களுக்குக் கத்திரி அக்கா. ஆய்வகத் தலைவரான சாரே சில சமயம் வாய் தவறி, “கத்திரியைக் கூப்பிடுங்க” என்பார். அக்கா அதற்குக் கோபித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

இங்கே வருவதற்கு முன் ஒன்பது வருடம் ஓர் ஆயத்த ஆடை ஆலையில் கட்டிங் பிரிவில் இருந்தவர். “கைக்கும் காலருக்கும் நடுவுல ஒரு விரல் துணி வீணாச்சுன்னா சூப்பர்வைசர் என் பரம்பரையையே இழுப்பாரு தம்பி” என்று சிரிப்பார். ஆலை மூடியது. பஸ் ஓட்டும் கணவருடைய வருமானம் மட்டும் போதவில்லை. இங்கே பாட்டில் கழுவ வந்தார். கழுவிய பாட்டிலில் என்ன ஊற்றுகிறார்கள், எதற்கு ஊற்றுகிறார்கள் என்று எல்லாரையும் நச்சரித்துக் கேட்டு, மூன்றாம் வருடம் எங்கள் எல்லாரையும்விடச் சுத்தமாக அந்த வேலையைச் செய்தார்.

என்ன வேலை என்பதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பிறகு நடந்தது புரியாது. ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையைத் தசை செல்லுக்குள் விடுவதற்கு ஒரு புரதம் உண்டு. கதவைத் திறந்துவிடும் ஆள் என்பதால் அதற்கு நாங்கள் வைத்த பெயர் வாட்ச்மேன். நீரிழிவு வந்தால் வாட்ச்மேன் ஒழுங்காக வேலைக்கு வருவதில்லை. ஆயிரக்கணக்கான புரதங்கள் கலந்த செல் சாற்றில் அவர் எவ்வளவு இருக்கிறார் என்று எப்படிப் பார்ப்பது? சாற்றை ஒரு ஜெல் பலகையில் ஓடவிட்டால் பெரிய புரதங்கள் மேலேயும் சின்னவை கீழேயும் நிற்கும். நின்றது நின்றபடி எல்லாவற்றையும் உள்ளங்கை அகல வெள்ளைச் சவ்வு ஒன்றுக்கு மாற்றிவிடுவோம். அப்புறம் ஆன்டிபாடி. முயலின் உடம்பில் உண்டாக்கி எடுத்தது. வாட்ச்மேனை மட்டும் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும் என்று விற்பவர்கள் எழுதித் தருகிறார்கள். ஒட்டிய இடம் கேமராவில் கருப்புக் கோடாகத் தெரியும். கோடு தடித்தால் ஆள் அதிகம், மெலிந்தால் குறைவு. அவ்வளவுதான். இந்தக் கோட்டை நம்பித்தான் எங்கள் கட்டுரைகள், பட்டங்கள், விசாக்கள் எல்லாம்.

ஆன்டிபாடி ஒரு சின்னக் குப்பியில் வரும். கவிழ்த்தால் இரண்டு சொட்டு தேறும். அதைப் பால் பவுடர் கரைசலில் கலந்து சவ்வை ஊறவைக்க வேண்டும். அக்கா வேலை பழகிய புதிதில், அந்த இரண்டு சொட்டு ஒரு மாதம்கூட வராமல் சார் கையைப் பிசைந்துகொண்டிருந்தாராம். அப்போதுதான் அக்கா கேட்டிருக்கிறார்:

“சார், நீங்க பாக்கறது நடுவுல ஒரு விரல் அகலம்தானே? மிச்சத்துக்கு எதுக்கு மருந்து?”

ஆன்டிபாடியை அவர் எப்போதும் மருந்து என்றுதான் சொல்வார். அளவு காட்டும் வண்ணக் கோடுகள் சவ்வின் ஓரத்தில் இருக்கும். அவற்றை வைத்து நடுவில் ஒரு நீளத் துண்டை மட்டும் வெட்டி, அந்தத் துண்டு நுழையும் அளவுக்கு ஒரு குறுகிய பெட்டியில் ஊறவைத்துக் காட்டினார். கீழ்த்துண்டு வேறொரு சோதனைக்கு. மேல்துண்டு குப்பைக்கு. ஒரு மாதத்துக் குப்பி ஏழு மாதம் வந்தது. சார் கைதட்டினார். ஆய்வகத்தின் செய்முறைக் குறிப்பேட்டில் ஒன்பதாவது படியாக அது ஏறியது: ‘சிவப்புக் கோட்டுக்குக் கீழே வெட்டவும். மேல்பகுதி தேவையில்லை.’ புதிதாக வந்தவர்கள் எல்லாரும் அதைப் படித்துத்தான் வேலை பழகினோம். மேல்பகுதியில் என்ன இருக்கிறது என்று பதினொரு வருடம் யாரும் பார்த்ததில்லை. நானும்தான்.

இனி அவசரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். முனைவர் பட்டத்துக்கு வந்த ஆய்வு மாணவி, முப்பத்திரண்டு வயது. மாடிப்படியில்கூட ஓட்டமாகத்தான் இறங்குவாள். அதனால் நாங்கள் வைத்த பெயர் அவசரம். ஓடியதற்குக் காரணம் இருந்தது. பத்து மாதக் குழந்தையை ஊரில் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு இந்த நாட்டுக்கு விமானம் ஏறியவள். குழந்தைக்கு இப்போது நாலு வயது. செல்போன் திரையில்தான் பழக்கம். இவளைப் ‘போன் அம்மா’ என்று கூப்பிடுகிறது. நேரில் இருக்கும் பாட்டிதான் அதற்கு வெறும் அம்மா. இதைச் சொல்லிவிட்டு அவசரம் எப்போதும் சிரிப்பாள். கூடச் சிரிக்க எங்களுக்குத் தெரியாது.

அவளுடைய ஆய்வு இதுதான்: ஒரு மருந்துப் பொருளைக் கொடுத்தால் நீரிழிவு எலியின் தசையில் வாட்ச்மேன் திரும்பி வருகிறார். மூன்று வருடமாக அக்கா வெட்டிக் கொடுத்த துண்டுகளில் கோடு தடித்துக்கொண்டே போனது. ஆய்வேட்டை ஒப்படைக்க ஒரு நாள் குறித்தாயிற்று. அதற்கு மறுநாள் விமானம். மேசைமேல் நாள்காட்டியில் தினமும் ஒரு கட்டத்தை அடிப்பாள். “அக்கா, இன்னும் இருபத்திரண்டு” என்று கத்துவாள். “மெதுவாக் கத்துடி, ஜெல் கலங்கிடும்” என்பார் அக்கா.

அந்த இருபத்திரண்டாவது நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. கத்திரிக்கோலைக் காணோம்.

அக்கா இழுப்பறைகளைக் கவிழ்த்தார். என் கோட்டுப் பையைக்கூட விடவில்லை. அரை மணி நேரம் கழித்து, அட்டைப்பெட்டி பிரிப்பதற்காக ஸ்டோர் அண்ணன் எடுத்துப் போனது தெரிந்தது. திரும்பி வந்தபோது இரண்டு அலகிலும் ஒட்டுநாடாப் பசை.

“ஏன்யா, எழுதி ஒட்டியிருக்கறது கண்ணுல படலியா?”

“பட்டுச்சு. கை இருக்கான்னு அப்பப்போ பாத்துக்கிட்டேதான் பிரிச்சேன்” என்றார் ஸ்டோர் அண்ணன்.

பசைபட்ட அலகை அக்கா சவ்வில் வைக்க மாட்டார். மற்றவர்களுடைய கத்திரிக்கோல் சவ்வைக் கடிக்கும் என்பார். மணி நாலாகியிருந்தது, நாலரை பஸ்ஸை விட்டால் வீடு போய்ச் சேர ஏழாகிவிடும். “ஒரு நாள்தானே” என்று சவ்வை முழுசாகவே அகலப் பெட்டியில் போட்டார். ஏழு பங்கு மருந்து செலவாகிறது என்று முணுமுணுத்தபடி கலக்கி ஊற்றி, குளிரறையில் ஆட்டும் மேடைமேல் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை கேமராப் பெட்டிக்கு முன்னால் அவரோடு நானும் நின்றேன். திரையில் படம் மெல்லக் கருத்துக்கொண்டு வந்தது. நடுவில் நாங்கள் தினமும் பார்க்கும் கோடு இருந்தது. ஆனால் அதற்கு மேலே, நாங்கள் குப்பையில் போடும் இடத்தில், அதைவிட மூன்று மடங்கு தடித்த ஒரு கோடு. அதற்கு மேலே இன்னும் இரண்டு. கீழே ஒன்று. ஐந்து கோடுகள். எங்களுடையது அவற்றில் மிக மெலிந்த ஒன்று.

“என்ன தம்பி இது, ஊரையே கூட்டி வெச்சிருக்கு?” என்றார் அக்கா.

“சவ்வைக் கழுவினது பத்தலையோ என்னமோ.”

“நான் கழுவினது பத்தலையா?”

அதற்குமேல் நான் பேசவில்லை. பேசாததற்குக் காரணமும் எனக்குத் தெரியும். என் பெயரில் வந்த ஒரே கட்டுரை அந்த நடுக்கோட்டின் மூன்று துண்டுகள்மேல் நின்றது. என் விசா அந்தக் கட்டுரைமேல் நின்றது. செல் எண்ணும் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு என் இடத்துக்குப் போய் உட்கார்ந்தேன். இருபது நிமிடம் ஒரு செல்லைக்கூட எண்ணவில்லை.

அக்கா சும்மா இருக்கவில்லை. ஐந்து பேரிடம் ஒட்டுகிற ஆன்டிபாடி என்றால், நடுவில் நிற்பவராவது வாட்ச்மேன்தானா? பார்க்க ஒரு வழி இருந்தது. வாட்ச்மேனே இல்லாதபடி மாற்றப்பட்ட செல்களின் சாற்றை வேறொரு ஆய்வகம் இரண்டு வருடம் முன்பு உலர்பனிக்கட்டியில் பொதிந்து அனுப்பியிருந்தது. ஆழ்குளிர் பெட்டியின் அடித்தட்டில், பனி மூடி, பிரிக்காமலே கிடந்தது. மேலே அவசரத்தின் கையெழுத்தில் ஒரு சீட்டு: ‘அப்புறம் பார்க்கலாம்’. அந்தச் சாற்றை ஓடவிட்டால் நடுக்கோடு காணாமல் போக வேண்டும். ஆள் இல்லாத வீட்டில் விளக்கு எரியக் கூடாது.

புதன்கிழமை ஓடவிட்டு, வியாழன் முழுவதும் ஊறவைத்து, வெள்ளிக்கிழமை காலை படம் எடுத்தார். நடுக்கோடு அப்படியே இருந்தது. எங்கள் எலியில் எவ்வளவோ அதே அளவு, ஆள் இல்லாத செல்லிலும். மூன்று தடவை வரிசையை எண்ணிப் பார்த்தார், எதை எங்கே ஊற்றினோம் என்று. பிறகு படத்தைத் தாளில் எடுத்து, நாலாக மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். அன்று மதியம் சாப்பிட வரவில்லை. “அக்கா, பத்தொன்பது!” என்று அவசரம் கத்தியபோது, ஏற்கெனவே கழுவிய டிரேயை மறுபடி கழுவிக்கொண்டிருந்தார்.

வீட்டில் நடந்ததை அவரே பிறகு சொன்னார். கணவர் கால்களை வெந்நீரில் வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறார். பஸ்காரர்களுக்கு முழங்காலில் இருந்து கீழே எல்லாம் வலிதான்.

“நீ என்ன தப்புப் பண்ணே? வெட்டச் சொன்னாங்க, வெட்டுனே.”

“யாரும் சொல்லலீங்க. நான்தான் வெட்டலாம்னு சொன்னேன்.”

“அத்தனை பேரு படிச்சவங்க இருக்காங்க. பேனா புடிச்சவங்க கேக்காததைக் கத்திரி புடிச்சவ எதுக்குக் கேக்கணும்? அந்தப் பொண்ணு ஊருக்குப் போய்ப் பிள்ளையைப் பாக்கட்டும். அப்புறமா மெதுவாச் சொல்லு.”

“அப்புறமாச் சொன்னா அவ பட்டத்தைப் புடுங்குவாங்க. நாலு ஊருக்குத் தெரிஞ்சு புடுங்குவாங்க.”

“சொல்லாமலே விட்டா?”

அக்கா எழுந்து அடுப்பில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் வைத்திருக்கிறார். கொஞ்ச நேரம் கழித்து, “நான் வாராவாரம் ஆஸ்பத்திரிப் பக்கம் பஸ் ஓட்டறேன்” என்றாராம் கணவர். “ஏறுறவங்கள்ல பாதிப் பேருக்குச் சர்க்கரைக் காலு. கட்டோட ஏறுவாங்க. சரி, வெந்நீர் ஆறிடுச்சு, இன்னும் கொஞ்சம் ஊத்து.” அவ்வளவுதான் பேச்சு. அவர் என்ன செய்யச் சொன்னார் என்று தனக்கு இன்றைக்கும் தெளிவாகத் தெரியவில்லை என்பார் அக்கா.

சாரிடம் போகாமல், சனிக்கிழமை முதலில் அவசரத்திடம் போனார். அரைநாள் வேலை, ஆய்வகத்தில் நாங்கள் மூன்று பேர்தான். கழுவுதொட்டிக்குப் பக்கத்தில் இருவரும் நின்றார்கள். என் இருக்கைக்கும் அவர்களுக்கும் நடுவில் ஓர் அலமாரி மட்டும். தாள் விரியும் சத்தம் கேட்டது.

“இது எப்போ எடுத்தீங்க?”

“நேத்து.”

“யார் எடுக்கச் சொன்னாங்க?”

“யாரும் சொல்லலடி. மனசு கேக்கல.”

“பதினெட்டு நாள். உங்க மனசால பதினெட்டு நாள் பொறுக்க முடியல, இல்ல?” குரல் ஏறவில்லை, ஏறியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “மூணு வருஷமா நீங்கதானே அக்கா வெட்டிக் குடுத்தீங்க. அழகா இருக்கு, நேராக் கட்டம் கட்டின மாதிரி இருக்குன்னு சொல்லிச் சொல்லிக் குடுத்தீங்க.”

“ஆமா.”

“நீங்க இதைப் பாக்கலைன்னு வெச்சுக்குங்க. கத்திரி கிடைச்சிடுச்சு, எப்பவும் போல வெட்டுனீங்கன்னு வெச்சுக்குங்க. எனக்காக.”

“திங்கக்கிழமை கூட்டத்துல நான் காட்டப் போறேன்மா. என் பேருல காட்டறேன். என் தப்புன்னு சொல்றேன். நீ வரணும்னு இல்ல.”

“உங்க தப்புன்னா உங்களுக்கு என்ன ஆகும்? ஒண்ணும் ஆகாது. பிள்ளை யாரோடது?”

அவசரம் படி இறங்கிப் போனாள், மெதுவாக. நான் எழுந்து போய் அக்காவிடம் ஏதாவது சொல்லியிருக்கலாம். நுண்ணோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டேன்.

திங்கள் காலை அக்கா வந்ததும் முகம் சுளித்தார். பால் பவுடர் டப்பா மூடி சரியாக மூடப்படாமல் இருந்தது. குளிரறையில் அகலப் பெட்டி ஈரமாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. யாரோ சனி மதியத்துக்கு அப்புறமும் ஞாயிறும் வேலை செய்திருக்கிறார்கள்.

கூட்டம் பத்து மணிக்கு. நீள மேசை, எட்டு நாற்காலி, சுவரில் திரை. அக்கா இதுவரை அந்தத் திரைக்கு முன்னால் நின்று பேசியதில்லை. படத்தைப் போட்டார். எங்கே வெட்டுவோம் என்பதை விரலால் காட்டினார். விரலின் நிழல் ஐந்து கோடுகள்மேலும் ஏறி இறங்கியது. வாட்ச்மேன் இல்லாத செல்லின் வரிசையைக் காட்டினார். “ஒன்பதாவது படி என்னோடது சார். மருந்து மிச்சம் புடிக்கிறேன்னு எல்லாரோட கண்ணையும் நான்தான் கட்டிட்டேன்” என்றார்.

சார் கெட்டவர் இல்லை. ஆனால் முதலில் அவர் தேடியதும் தப்பிக்கும் வழியைத்தான். “குப்பி கெட்டுப்போயிருக்கலாம். இந்த ஒரு தடவை வந்த சரக்கு சரியில்லாம இருக்கலாம். ஒரே ஒரு சோதனையை வெச்சு...” என்று இழுத்தார். எங்களைச் சுற்றிப் பார்த்தார். “வேற யாராவது முழுச் சவ்வைப் பாத்திருக்கீங்களா?”

நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நான் பாத்தேன் சார்.” கதவுக்குப் பக்கத்தில் அவசரம் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று யாருக்கும் தெரியாது. “அவங்க பண்ணது தப்புன்னு காட்டத்தான் ரெண்டு நாளா நானே பண்ணேன். பழைய குப்பி, புதுக் குப்பி, ரெண்டும். வெட்டாம. ரெண்டுலயும் அப்படியேதான் இருக்கு.”

சார் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “மூணு வருஷமாக் கோடு ஏறிக்கிட்டே இருந்துச்சே” என்றார், எங்களிடம் இல்லை, திரையிடம். “அப்ப ஏறினது யாரு?”

அந்தக் கேள்விக்கு இன்று வரை எங்களிடம் பதில் இல்லை. ஏதோ ஒரு புரதம் ஏறியது. அது யார், ஏன் ஏறியது, சர்க்கரை நோயோடு அதற்கு ஏதாவது தொடர்பு உண்டா, ஒன்றும் தெரியாது. சார் தவறை ஒப்புக்கொண்டு இரண்டு இதழ்களுக்குக் கடிதம் எழுதினார். அதில் ஒன்று என் கட்டுரை வந்த இதழ். விற்றவர்களுக்கும் எழுதினோம். வருத்தம் தெரிவித்து இலவசமாக ஒரு குப்பி அனுப்பினார்கள். அதே ஆன்டிபாடி, அதே எண். ஸ்டோர் அண்ணன் அந்தப் பெட்டியைக் கையால் கிழித்துத்தான் பிரித்தார்.

அவசரத்தின் ஆய்வேட்டில் இரண்டு அத்தியாயம் போயிற்று. கூடுதலாக ஒரு வருடம் கொடுத்தார்கள். கொடுத்தார்கள் என்றுதான் பல்கலைக்கழகக் கடிதத்தில் இருந்தது. விமானச் சீட்டை ரத்து செய்த அன்று நாள்காட்டியைக் குப்பையில் போடாமல் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்தாள். அதற்குப் பிறகு மாடிப்படியில் ஓட்டச் சத்தம் கேட்கவில்லை. இன்னொன்றும் நின்றுபோனது. அக்கா என்ற வார்த்தை. “மேடம், அந்த டிரேயைக் கொஞ்சம் தள்ள முடியுமா?” என்பாள். மரியாதையில் ஒரு குறையும் இருக்காது. ஒவ்வொரு மேடத்துக்கும் அக்காவின் கண்ணாடி இன்னும் கொஞ்சம் கீழே இறங்கும். அவர் அதை ஏற்றிவிட்டுக்கொண்டு டிரேயைத் தள்ளுவார்.

ஒன்பதாவது படியை அக்காவே அடித்தார். அடித்துவிட்டுக் கீழே எழுதினார்: ‘முழுசாக வைக்கவும். ஆள் இல்லாத செல்லையும் கூடவே ஓடவிடவும்.’ கத்திரிக்கோல் இப்போது யார் வேண்டுமானாலும் எடுக்கும்படி ஸ்டோரில் தொங்குகிறது. பிளாஸ்திரி அப்படியே இருக்கிறது.

வேறு விற்பனையாளர்களிடமிருந்து நாலு ஆன்டிபாடிகள் வரவழைத்தோம். முதல் மூன்றும் ஆள் இல்லாத வீட்டில் விளக்கு ஏற்றின. நாலாவதை அக்கா ஓடவிட்டது ஒரு மழைநாள் காலை. நான் உள்ளே போனபோது கேமராப் பெட்டிக்கு முன்னால் படம் வரக் காத்துக்கொண்டிருந்தார். வெளியே நடைக்கூடத்தில் அவசரம் போனோடு நின்றாள். கதவு திறந்திருந்ததால் குழந்தையின் குரல் உள்ளே வரை கேட்டது.

“போன் அம்மா, நீ நாளைக்கு வருவியா?”

“நாளைக்கு இல்லடா செல்லம்.”

“நாளைக்கு நாளைக்கு?”

“அதுவும் இல்ல. பெரிய மழை விட்டு, இன்னொரு பெரிய மழை வருமில்ல? அப்போ.”

“அப்போ நான் பெரிசாயிடுவேனே” என்றது குழந்தை. குறை சொல்வதுபோல இல்லை, தகவல் சொல்வதுபோல.

அவள் போனை அணைத்துவிட்டு உள்ளே வந்தாள். படமும் அப்போதுதான் வந்தது. நடுவில் ஒரே ஒரு கோடு. மேலே ஒன்றும் இல்லை, கீழே ஒன்றும் இல்லை. கடைசி வரிசையில், வாட்ச்மேன் இல்லாத செல்லில், வெள்ளை.

யாரும் சந்தோஷப்படவில்லை. அவள் திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுபோனாள். தன் எலிகளின் வரிசையைத் தேடினாள்: மருந்துப் பொருள் கொடுத்தது, கொடுக்காதது. இரண்டு கோடும் ஒரே தடிமன். மூன்று வருடம் ஏறியது இங்கே ஏறவே இல்லை.

“இதுதானா மேடம்?” என்றாள்.

அக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். ஆமாம் என்ற சொல் அவர் வாய் வரை வந்ததை நான் பார்த்தேன்.

“இன்னொரு தடவை ஓட்டிட்டுச் சொல்றேன்மா” என்றார். “இந்தத் தடவை நீயும் கூட நில்லு.”

அவள் பால் பவுடர் டப்பாவை எடுத்துவந்து, மூடியைத் திறந்து, அளக்கத் தொடங்கினாள்.